ஷிபு நின்ற இடம்

அல்போன்ஸுக்குப் பெண் பார்த்து முடிவு சொல்ல அரைமணி நேரம் போதுமாக இருந்தது. கருங்கலில் ஜெமியின் வீட்டுக்குப் போய், கொடுத்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் சம்மதம் சொல்லிவிட்டான். அதே ஆள்தான் கம்ப்யூட்டரில் படம் திருத்த ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க நாலு மாதம் எடுத்துக்கொண்டான். நாலு மாதம் யோசித்தவன் நல்லதாகப் பார்த்து எடுத்தானா என்று கேட்டால், அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

அல்போன்ஸ் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளன். வீடு குளச்சலுக்குத் தெற்கே, கடலோரத்தில். அப்பா கடலுக்குப் போனவர், தாத்தாவும் அப்படியே. இவனுக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். அப்பா நெஞ்சுவலியில் போனபோது இவன் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். தம்பி ஷிபு பதினொன்றாம் வகுப்பு. யாராவது ஒருவர் கடலுக்குப் போயாக வேண்டும். "நீ படிண்ணே. நீ வள்ளத்துல ஏறுனா வாந்தி எடுத்தே மீனுவள வளத்துருவ," என்று சொல்லிவிட்டுப் புத்தகப் பையைப் பரணில் எறிந்தவன் ஷிபு. அந்தப் பை அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை.

ஷிபுவுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஊர்க் கால்பந்து அணியில் விளையாடியபோது கம்பத்தில் மோதி மேல்வரிசை முன்பல் பாதி உடைந்திருந்தது. ஆகவே யாராவது படமெடுக்க வந்தால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வான். மீனவர் அடையாள அட்டையில் அவனைப் பார்த்தால் யாரோ பக்கத்தில் நின்று மிரட்டுவது போல இருக்கும். கல்யாண வீட்டு ஆல்பங்களிலும் அப்படித்தான், பின்வரிசையில் உம்மென்று பாதி முகம்.

2012-இல் ஜெமியின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து வந்தபோது அல்போன்ஸுக்கு ஒரு கேமரா கொண்டுவந்தான். அன்றோடு அந்த வீட்டின் விடுமுறைகள் முடிந்தன. காலையில் கடற்கரை, மாலையில் கடற்கரை. கோட்டாறில் ஒரு ஸ்டுடியோ மாடியில் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு கூடுகிற படக்காரர் வட்டத்தில் போய்ச் சேர்ந்தான். எல்லாருக்கும் வேறு வேலை உண்டு. படம் வெறும் பைத்தியம். அங்கேதான் தோவாளை நாகேந்திரன் பழக்கமானார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். வயலில் இறங்குகிற கொக்குகளையே படமெடுப்பார். ஒரே கொக்கை நாற்பது தடவை எடுத்து நாற்பதையும் பத்திரமாக வைத்திருப்பார்.

படமெடுத்தால் போதாது, திருத்தத் தெரிய வேண்டும் என்பது அந்த வட்டத்தில் முதலில் சொல்லித்தருகிற பாடம். எதில் திருத்துவது என்பதில்தான் அடிதடி. போட்டோஷாப்பை அல்போன்ஸின் பழைய கம்ப்யூட்டர் தாங்காது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. மிஞ்சியவை இரண்டு. இரண்டையும் முப்பது நாள் இலவசமாக ஓட்டிப் பார்த்தான். நாள் முடிந்ததும் ஜெமியின் தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு இன்னொரு முப்பது நாள் ஓட்டினான். நோட்டில் கோடு கிழித்து இரண்டுக்கும் மதிப்பெண் போட்டான். சோற்றுக்குக் கூப்பிட்டால் வரமாட்டான்.

நாகேந்திரன் அடித்துச் சொன்னார். "ஓய், நான் வெச்சிருக்கத எடும். இதுல நீரு என்ன கோமாளித்தனம் பண்ணுனாலும் மூலப்படத்துல கை வைக்காது. பண்ணுனத எல்லாம் தனியா ஒரு ஏட்டுல எழுதி வெச்சுக்கிடும். பத்து வருசம் கழிச்சு ஒரு அமுக்கு அமுக்கினா, எடுத்தது எடுத்தபடி வந்து நிக்கும்."

"அது தெறக்கதுக்குள்ள சாயா குடிச்சிட்டு வந்துரலாம் ஓய். ஒரு படத்துக்கு ரெண்டு படம் எடம் பிடிக்கி."

"எடம் பிடிச்சா பிடிக்கட்டும். எடம் பிடிக்கின்னு நெல்லுப் பத்தாயத்த ஆராவது வெட்டிப் போடுவானா?"

இரண்டாவது, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த டிஸ்க்கில் இருந்தது. சின்னது. தட்டினால் திறக்கும். அதில் ஒரு வித்தை இருந்தது. படத்தில் வேண்டாத பொருளைச் சுற்றி வட்டம் போட்டு அமுக்கினால் அது மறைந்துவிடும். அந்த இடத்தைப் பக்கத்து மணலோ வானமோ வந்து தானே நிரப்பிக்கொள்ளும். நாகேந்திரனின் மென்பொருளில் அந்த வேலைக்கு அரைநாள் உட்கார வேண்டும். இதில் அரைநிமிடம். முதல் தடவை அல்போன்ஸ் கரையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை அழித்துப் பார்த்தான். பாட்டில் போன இடம் தெரியவில்லை. குழந்தை மாதிரி கைதட்டினான்.

முடித்துச் சேமிக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: பழைய படத்தின் மேலேயே எழுதவா? அவனுடைய கம்ப்யூட்டரில் எப்போதும் இடமில்லை. ஆம் என்று அமுக்குவான். ஒருநாளும் அந்தக் கேள்வியை அவன் முழுசாக வாசித்ததில்லை.

ஆக, சின்னது ஜெயித்தது. நோட்டில் மதிப்பெண்ணைக் கூட்டி, அடியில் இரண்டு கோடு கிழித்து, தேதியும் போட்டான்.

பாட்டிலுக்குப் பிறகு கரண்டுக் கம்பி போயிற்று. அதற்குப் பிறகு படுத்திருந்த நாய். அதற்குப் பிறகு வலை உலர்த்திய கிழவர், குடம் தூக்கிப் போன பெண்கள், பந்து விளையாடிய பிள்ளைகள். இப்படிக் கண்ணை இழுக்கிற எதற்கும் படக்காரர் வட்டத்தில் ஒரே பெயர்தான்: இடைஞ்சல். அல்போன்ஸின் கடற்கரை நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு வந்தது. அதில் ஆட்கள்தான் குறைந்துகொண்டே வந்தார்கள்.

எல்லாரையும்விடப் பெரிய இடைஞ்சல் ஷிபு. அண்ணன் கேமரா முக்காலியை நிறுத்துவதைக் கண்டால் போதும், எங்கிருந்தாவது வந்து குறுக்கே நடப்பான், கைகளை விரித்துக்கொண்டு ஓடுவான். "லே, தள்ளிப் போ!" என்று அல்போன்ஸ் கத்துவான். முக்காலியைத் தோளில் சுமந்துகொண்டு கரைக்கு வந்தவனும் அந்தத் தள்ளிப்போக வேண்டியவன்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு காலை. வெயில் தென்னைகளுக்கு மேலே ஏறிக் கரையில் சாய்ந்து விழுந்திருந்தது. கடல் மேல் ஊதா நிறத்தில் மேகம். நனைந்த மணலில் ஒரே ஒரு வள்ளம், கொஞ்சம் தள்ளி ஒரு கறுத்த பாறை, நடுவில் நுரை ஏறி இறங்கியது. அல்போன்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குகிற நேரத்தில் ஷிபு மஞ்சள் ஜெர்சியோடு சட்டத்துக்குள் வந்தான். எதையோ நினைத்து வாய் முழுக்கத் திறந்து சிரித்தான். உடைந்த பல்லும் தெரிந்தது. மூடிக்கொள்ள மறந்துவிட்டான். அடுத்த படம் எடுப்பதற்குள் மேகம் கலைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கேமராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் அல்போன்ஸ் அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டினான். அம்மா மீன் வெட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏ மக்கா, இது அப்பிடியே உங்க அப்பா சிரிப்புல்லா. இத எனக்கு ஒண்ணு கழுவித் தா."

"தாறேன்மா."

"மறந்துராத."

"தாறேம்னு சொன்னேம்லா."

கோட்டாறு ஸ்டுடியோவில் கொடுத்தால் ஒருமணி நேரத்தில் அச்சடித்துக் கிடைக்கும். மாதத்துக்கு ஒருமுறை அதன் மாடிக்குத்தான் போகிறான்.

பிப்ரவரியில் வட்டம் ஒரு போட்டி வைத்தது. தலைப்பு கடல். அல்போன்ஸ் கிறிஸ்துமஸ் படத்தை எடுத்தான். மேகம், மணல், வள்ளம், பாறை எல்லாம் கும்பிட்டுக் கூப்பிட்டது போல அமைந்திருந்தன. நடுவில் மஞ்சள் ஜெர்சி. வட்டம் போட்டான், அமுக்கினான். பழைய படத்தின் மேலேயே எழுதவா? ஆம்.

அனுப்புவதற்கு முன் நாகேந்திரனிடம் காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். "ஓய், ஆளத் தூக்கிட்டேரு, நிழல விட்டுட்டேரே. மணலுல நீளமா ஒண்ணு கெடக்கு பாரும்." அல்போன்ஸுக்கு வெட்கமாகப் போயிற்று. அங்கேயே உட்கார்ந்து நிழலையும் அழித்தான். கால் நின்ற குழியையும் அழித்தான்.

"மூலம் வெச்சிருக்கேருல்லா?" என்று கேட்டார் நாகேந்திரன்.

"அதெல்லாம் கெடக்கும் ஓய்." கேமராவின் மெமரி அட்டையில் கிடக்கும் என்று நினைத்தான். அந்த அட்டையை அதற்குள் நாலு தடவை துடைத்து நாலு தடவை நிரப்பியிருந்தான்.

படத்துக்குத் 'தனிமை' என்று பெயர் வைத்து அனுப்பினான். முதல் பரிசு. பெரிதாக அச்சடித்து, கறுப்புச் சட்டம் போட்டு, மேடையில் வைத்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் கொண்டுவந்தால் கண்ணாடி உடையும் என்று ஷிபு பைக்கில் கூட வந்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வீடு சேர்த்தான். முன்னறையில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவனுக்குப் பிடிபட்டது.

"அண்ணே, இது நான் நின்ன படமில்லா?"

"ஆமா."

"என்னைய எங்க?"

"எடுத்துட்டேன். நீ நின்னா எல்லாவன் கண்ணும் உன் மேலதான் போவும். கடல எவன் பாப்பான்? எடஞ்சலு."

ஷிபு சிரித்தான். "அப்ப நான் போனாத்தான் உனக்குப் பரிசு." சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்து அவனே சுவரில் அடித்து மாட்டினான். தள்ளி நின்று பார்த்து, வலது மூலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டான். அல்போன்ஸ் அப்போது வட்டத்து நண்பர்களுக்குப் போனில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் ஷிபுவும் அவனோடு தொழில் செய்யும் யோவானும் போன வள்ளம் கவிழ்ந்தது. ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில் அடித்த அலை என்றார் யோவான். அவரை ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு ஊர் வள்ளக்காரர்கள் தூக்கினார்கள். காலி மண்ணெண்ணெய்க் கன்னாஸ் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் மிதந்தார்களாம். ஒரு பெரிய அலைக்குப் பிறகு பார்த்தபோது மறுபக்கத்தில் கை இல்லை. அதைச் சொல்லும்போது யோவான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஒன்பது நாள் தேடினார்கள். கரையிலிருந்தும் தேடினார்கள், வள்ளங்களிலும் போய்த் தேடினார்கள். ஒன்றும் ஒதுங்கவில்லை. அம்மா தினமும் விடியுமுன் கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்துகொள்வாள். யாராவது இறந்தவருக்கான பூசைப் பேச்சை எடுத்தால், "ஆளு வரட்டும்," என்று மட்டும் சொல்வாள்.

முப்பத்தைந்தாம் நாள் அவளே வாயைத் திறந்தாள். கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு அந்த ஊரில் படத்தை வைத்துத்தான் பூசை. பீடத்துக்கு முன்னால், சவப்பெட்டி வைக்கிற இடத்தில், வெள்ளைத் துணி விரித்த பெஞ்சில் படம் இருக்கும். பூசை முடிந்ததும் வீட்டார் முதலில் வந்து அந்தப் படத்தில் உதடு பதித்து முத்தி கொடுப்பார்கள், பிறகு ஊர். கன்னத்தைத் தொட்டு வழியனுப்ப வேறு வழியில்லாதவர்களுக்கு அந்தக் கண்ணாடிதான் கன்னம்.

"நாப்பத்தொண்ணுக்குப் பூசைய வைப்போம் மக்கா. அந்த அடையாளக் கார்டுல உள்ள படம் வேண்டாம். அதுல போலீசு பிடிச்சவன் மாதிரி நிக்கான். நீ கேமராவுல காட்டுனியே, மஞ்சச் சட்டையில சிரிச்சிட்டு... அத வை. அவன் சிரிச்சு இருக்கது அது ஒண்ணுதான. அதுக்கு எனக்கு ஒரு முத்தி குடுக்கணும்."

அல்போன்ஸ் தலையை ஆட்டினான். "சரிம்மா."

அந்தச் 'சரிம்மா'வைச் சொன்ன நிமிடத்திலேயே உண்மையையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். பெற்றவள் முகத்தைப் பார்த்து, உன் பிள்ளையை நான் முன்னாலேயே அழித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கம்ப்யூட்டரை அலசினான். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, ஆறாயிரத்துச் சொச்சம் படங்களைப் பார்த்தான். கடல், கடல், கடல். ஒரு கடலிலும் ஆளில்லை. எத்தனை படங்களில் தம்பி குறுக்கே ஓடினான் என்று அவனுக்கு நினைவிருந்தது; எத்தனை தடவை 'ஆம்' என்று அமுக்கினான் என்பதும் நினைவுக்கு வந்தது. கேமரா அட்டையைக் கோட்டாறில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப் போனான். அழிந்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டினார்கள். கடைக்காரர் ததேயுஸ் சாயங்காலம் திரையை அவன் பக்கம் திருப்பினார். கிறிஸ்துமஸ் படம் வந்திருந்தது. மேல்பாதி மட்டும். ஊதா மேகம், கொஞ்சம் கடல். அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம்.

"கீழ உள்ளதுக்கு மேல வேற படம் எழுதிட்டு. இனி வராது," என்றார் ததேயுஸ். அந்தச் சாம்பலுக்குள்தான் ஷிபு நிற்கிறான். அல்போன்ஸ் கடையிலேயே அழுதான்.

நாகேந்திரன் தோவாளையிலிருந்து துக்கம் கேட்க வந்தவர், சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நிழலைக் காட்டிக்கொடுத்தது அவரல்லவா. எழுந்து போகும்போது அல்போன்ஸின் கையைப் பிடித்து, "நான் பாக்காம இருந்திருக்கலாம் ஓய்," என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது அல்போன்ஸுக்கு அந்த யோசனை வந்தது. கொடியில் இன்னும் ஷிபுவின் மஞ்சள் ஜெர்சி கிடந்தது. அம்மா அதைத் துவைக்க விடவில்லை. அவள் ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்த காலை அதை எடுத்துப் போட்டுக்கொண்டான். அண்ணன் தம்பிக்கு ஒரே உயரம், ஒரே தோள். கேமராவை ஜெமியின் கையில் கொடுத்து, அதே கரையில், அதே வெயிலில் போய் நின்றான்.

"மாமிட்ட உள்ளதச் சொல்லிருங்க," என்றாள் ஜெமி.

"நீ அமுக்கு."

"சிரிக்கேன்னு இப்பிடி நிக்காதீங்க, எனக்குப் பாக்க முடியல்ல."

"அமுக்குடீ!"

இரண்டு நாள் விடுப்புப் போட்டான். அந்த மென்பொருளில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவையும் செய்தான். பரிசு வாங்கிய மணலில் தன் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். எந்த இடத்தில் நிறுத்தினால் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்று, வட்டத்தில் சொல்லித்தந்த கணக்கின்படி, இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிறுத்தினான். பழைய பழக்கம் அவனை அப்போதும் விடவில்லை. அடையாள அட்டையிலிருந்து ஷிபுவின் கண்ணையும் நெற்றியையும் எடுத்துப் பொருத்தினான். அட்டையில் வாய் மூடியிருந்தது. ஆகவே தன் சிரிப்பையே அந்த முகத்தில் வைத்தான். அதன் பிறகு தன் முன்பல்லில் பாதியை, தூரிகையை எறும்பளவு சின்னதாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழித்தான். பல் உடைந்ததும் ஷிபு வந்துவிட்டது போல ஒரு நிமிடம் இருந்தது. கடைசியில், மறக்காமல், மணலில் நிழலும் வரைந்தான்.

நாற்பதாம் நாள் மதியம், கோட்டாறில் அச்சடித்துச் சட்டம் போட்ட படத்தை அம்மாவின் மடியில் வைத்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஜெமி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா வாயில் சேலையை அடைத்துக்கொண்டு பார்த்தாள். "வந்துட்டியா மக்கா," என்றாள் படத்திடம். விரலால் மஞ்சள் ஜெர்சியைத் தடவினாள். தோளைத் தடவினாள். கையைத் தடவிக்கொண்டு கீழே வந்தவள், மணிக்கட்டில் நின்றுவிட்டாள். அங்கே ஒரு வெளுத்த பட்டை. பத்து வருடமாக நாள் தவறாமல் கடிகாரம் கட்டி வேலைக்குப் போகிற கையில் இருக்கும் பட்டை. அல்போன்ஸ் எல்லாவற்றையும் பார்த்திருந்தான், அதைப் பார்க்கவில்லை.

"ஷிபு வாச்சு கெட்டுனதில்லியே," என்றாள்.

அம்மா எட்டி அவன் இடக்கையைப் பிடித்து இழுத்தாள். கடிகாரத்தை மேலே தள்ளிப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"லே... இது நீயில்லா."

"அம்மா..."

"உன் படத்தையா பெட்டி வைக்க எடத்துல வைக்கச் சொல்லுக? நாளைக்கு ஊரே வந்து உனக்கு முத்தி குடுக்கவா? ஒருத்தன கடலு கொண்டு போச்சுது. மத்தவனுக்கும் நானே மால போடணுமா?" படத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள், அது எழுந்து வந்துவிடும் என்பது போல. "எனக்க பிள்ள படம் எங்கலே?"

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. அல்போன்ஸ் தரையில் உட்கார்ந்தான். போட்டியைச் சொன்னான். சுவரில் இருந்த பரிசுப் படத்தைக் காட்டி, நீ கேட்ட படம் அதுதான் என்றான். வட்டம் போட்டதையும், நிழலை அழித்ததையும், அட்டையைத் துடைத்ததையும் சொன்னான். அம்மா கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அந்தப் படத்துக்குக் கீழேதான் அவள் தினமும் மூன்று வேளை சோறு போட்டாள்.

"அழிச்சத திரும்பக் கொண்டுவர அந்தப் பெட்டியில வழியில்லியா?"

"இல்லம்மா."

"எந்தப் பெட்டியிலயும் இல்லியா?"

அவனுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "ஒண்ணு இருந்துது. அது பழசத் தொடாது. நாகேந்திரன் அத வாங்கத்தான் சொன்னாரு."

"பின்ன ஏன் மக்கா இத எடுத்த?"

நாலு மாதம் கோடு கிழித்து மதிப்பெண் போட்ட நோட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் எத்தனையோ காரணம் எழுதியிருந்தான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சியது.

"இதுல சீக்கிரம் அழியும்மா."

அடுக்களை வாசலில் ஜெமி விம்மிவிட்டாள். அம்மா அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், ஷிபு அடித்த ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றினாள். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் கொண்டுவந்து அல்போன்ஸுக்கு முன்னால் வைத்தாள்.

"எங்கன நின்னான்?"

"அம்மா, வேண்டாம்."

"நாளைக்கு நான் இதத்தான் வைக்கப் போறேன். நான் முத்தி குடுக்கணும். எங்கன நின்னாம்னு தொட்டுக் காட்டு."

அல்போன்ஸ் விரலை நீட்டினான். வள்ளத்துக்கும் பாறைக்கும் நடுவில் என்பது தெரியும். வள்ளத்துக்குப் பக்கத்தில் வைத்தான். அங்கே மணல் மணலாகவே இருந்தது. இல்லை, கொஞ்சம் தள்ளி, நுரை தொடுகிற இடத்தில். அங்கே நுரை சரியாக ஏறி இறங்கியிருந்தது. கண்ணாடியில் மூக்கு முட்டுகிற வரை குனிந்தான். ஒரு திட்டு, ஒரு கோணல், ஒரு மணல்துளி நிறம் மாறி இருந்தால் போதும். எங்கும் இல்லை. பரிசு கொடுத்த நாளில் மேடையில் நடுவர் அதைத்தான் புகழ்ந்தார், எவ்வளவு சுத்தமான கரை என்று.

"நல்லாப் பாத்துச் சொல்லு மக்கா," என்றாள் அம்மா.

அவன் விரல் கண்ணாடியின் மேல் வள்ளத்திலிருந்து பாறைக்கும், பாறையிலிருந்து வள்ளத்துக்கும் போய்வந்துகொண்டே இருந்தது. அம்மா அதையே பார்த்தபடி பக்கத்தில் காத்திருந்தாள்.